கோரி ஏன் மேலே பாய்கிறது?

கேள்வி: கொடைக்கானலில் இருக்கிறோம். "அழுக்கையெல்லாம் தின்றுவிடும்" என்று சொல்லி மதுரையில் ஒரு கடையில் 2 கோரி கெளுத்தி கொடுத்தார்கள். 60 லிட்டர் தொட்டி, அடியில் கலர் ஜல்லி, ஹீட்டர் கிடையாது. திடீர் திடீரென மேலே பாய்ந்து வந்து வாயைத் திறந்துவிட்டு அடிக்குப் போகின்றன. ஒன்றுக்கு மீசை பாதி தேய்ந்துவிட்டது. குளிர்தான் காரணமா?
– ஒரு வாசகி

பதில்: மேலே பாய்வதற்குப் பயப்படாதீர்கள். கோரி செவுளோடு குடலாலும் மூச்சு விடும் மீன், காற்றை விழுங்கத்தான் வருகிறது. ராத்திரி டிவியை அணைத்தால் எங்கள் தொட்டியில் அந்த 'ப்ளுக்' சத்தம் கேட்கும். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே இரண்டு விரல் இடம் விடுங்கள். ஓயாமல் வந்தால் மட்டும் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள்.

எனக்கு உறுத்துவது மீசைதான். இது மூக்கை மணலில் புதைத்து, தீனியை எடுத்துக்கொண்டு, மணலைச் செவுள் வழியாக வெளியே தள்ளும். ஜல்லியில் அதெல்லாம் நடக்குமா? இடுக்கில் விழுந்த தீனி அழுகுகிறது, அதிலேயே மீசை உரசிப் புண்ணாகிறது. ஜல்லியை எடுத்துவிட்டு சன்னமான ஆற்று மணலைத் தெளிகிற வரை அலசிப் போடுங்கள். எம் சாண்ட் வேண்டவே வேண்டாம், கூராக இருக்கும். அடிவேர் கெடாமல் இருந்தால் மீசை திரும்ப வளரும். அழுக்கைத் தின்னும் என்பது வியாபாரப் பேச்சு. விளக்கை அணைத்த பிறகு அடியில் அமிழும் தீனி போட வேண்டும்.

சரி, குளிர். சாம்பல் உடம்பில் கரும் திட்டுகள் இருந்தால் அது பெப்பர் கோரி, டார்வின் பீகிள் கப்பலில் போனபோது தென் அமெரிக்காவில் சேகரித்த மீன்களில் ஒன்று, 18 டிகிரியிலும் சுகமாக இருக்கும். ஆரஞ்சுத் துடுப்புள்ள ஸ்டெர்பை கோரி என்றால் 24க்குக் கீழே விடக் கூடாது. ஆனால் ஜனவரி ராத்திரியில் உங்கள் ஊரில் 18 எங்கே நிற்கிறது! பெப்பராக இருந்தால் 100 வாட் ஹீட்டரை 22ல் வையுங்கள், கரண்ட் போனால் தொட்டியைக் கம்பளியால் சுற்றிவிடுங்கள். தண்ணீர் மாற்றும்போது கை விறைக்கிற குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றாமல், குளோரின் போக்கி, கொஞ்சம் வெந்நீர் கலந்து தொட்டிச் சூட்டுக்குக் கொண்டுவந்து ஊற்றுங்கள்.

அப்புறம், இது கூட்டமாகத் திரியும் மீன், 2 போதாது. மணல் போட்டுத் தண்ணீர் நிலைப்பட்டதும் அதே வகையில் இன்னும் 4 வாங்குங்கள். துடுப்பு முள் பாலிதீனைக் குத்திவிடும், மலைப்பாதையில் வரும்போது மடியில் தண்ணீர் ஒழுகும், அதனால் இரட்டைக் கவர் கேளுங்கள். வீட்டில் பிடிக்கவும் வலை வேண்டாம், முள் சிக்கிக்கொள்ளும். ஒரு டம்ளர் போதும்.