பிரஷர் ஆபரேஷன் செய்த கண், பத்து வருஷம் கழித்து: கேள்வி பதில்

கிளாக்கோமா, அதாவது கண்ணுக்குள் பிரஷர் ஏறிப் பார்வை நரம்பு கெடும் நோய். அதன் அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய காலத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள். கண்ணாடிப் பவர், லேசிக், கம்ப்யூட்டர் பார்த்துக் கண் எரிச்சல் எல்லாம் இன்னொரு நாளைக்கு.

வடபழனி: அப்பாவுக்கு 62 வயது. போன மாதம் டிராபெகுலெக்டமி செய்தார்கள். இது எத்தனை வருஷம் தாங்கும், சார்?

முதலில் அந்தக் கண்ணில் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்ப்போம். வெள்ளை விழியில் பாதி ஆழத்துக்கு ஒரு சிறு மூடியைச் செதுக்கி, அதன் அடியில் துளை போட்டு, மூடியைத் தளர்வாகத் தைக்கிறார்கள். உள்ளே சுரக்கும் நீர் அந்த வழியாகக் கசிந்து, மேல் இமைக்குப் பின்னால் ஒரு கொப்புளத்தில் தேங்கி உறிஞ்சப்படுகிறது. 'பிளெப்' என்பது இந்தக் கொப்புளம்தான். உடம்புக்கு இது ஒரு காயம். காயத்தை மூடுவதுதான் உடம்பின் வேலை. நமக்கோ அது மூடக் கூடாது. அதனால்தான் ஆபரேஷன் மேஜையிலேயே மைட்டோமைசின் மருந்தை மில்லிக்கு 0.2 முதல் 0.4 மில்லிகிராம் அளவில் சில நிமிடம் வைத்து நன்றாகக் கழுவிவிடுகிறார்கள்.

தழும்பு கட்டுவது பெரும்பாலும் முதல் ஆறு முதல் எட்டு வாரங்களில். வாரா வாரம் வரச் சொல்வது அதற்காகத்தான். நீர் கசிவது போதவில்லை என்றால் லேசரால் ஒரு தையலை அறுப்பார்கள், அல்லது இழுத்து எடுக்கும் தையலை எடுப்பார்கள். கொப்புளம் தடித்துச் சிவந்தால் பக்கத்தில் தழும்பைத் தடுக்கும் 5-எஃப்யு ஊசி போடுவார்கள். பிற்பாடு அடைத்துக்கொண்டால் ஊசி முனையால் தழும்பைக் கீறிவிடுவார்கள். ஸ்டீராய்டு சொட்டு இரண்டு மூன்று மாதம் வரைகூட, படிப்படியாகக் குறைத்துப் போட வேண்டியிருக்கும். 'கண் நல்லா இருக்கு' என்று மூன்றாவது வாரமே நிறுத்துவதால் கெட்ட ஆபரேஷன்கள் நிறைய.

இனி, எத்தனை வருஷம்? 'தாங்கியது' என்ற சொல்லில்தான் சிக்கல். பெரிய ஆய்வுகள் பலவற்றில் பிரஷர் 21-ஐத் தாண்டாமல், பழைய அளவிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால் அது வெற்றிக் கணக்கில் சேரும். நரம்பு முக்கால்வாசி போன ஒருவருக்கு 20 என்பது வெற்றியே இல்லை. 2000-இல் வந்த அமெரிக்காவின் ஏஜிஸ் என்ற கிளாக்கோமா ஆய்வில், ஒவ்வொரு வருகையிலும் 18-க்குக் கீழே இருந்தவர்களுக்கு, அதாவது சராசரி 12 சொச்சம் இருந்தவர்களுக்கு, பார்வைப் புலம் (கண் நேரே பார்க்கும்போது சுற்றிலும் தெரியும் பரப்பு) சராசரியாக நிலைத்தது. 'ஆபரேஷன் சக்சஸா?' என்று டாக்டரைக் கேட்காதீர்கள். 'அப்பாவுக்கு டார்கெட் பிரஷர் எத்தனை?' என்று கேட்டு அந்த எண்ணை ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பெரம்பூர்: ஆபரேஷனுக்குப் பிறகு போன பார்வை திரும்புமா?

திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றத்தான் ஆபரேஷன்.

அண்ணா நகர்: அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகி எட்டு வருஷம். இமையைத் தூக்கினால் கொப்புளம் பால் மாதிரி வெளுப்பாக, கண்ணாடி போல மெலிசாக இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

பயம் வேண்டாம், கவனம் வேண்டும். ரத்தக் குழாய் ஓடாத மெலிந்த கொப்புளத்தில் கசிவு வரலாம், கிருமி நுழையலாம். எட்டு வருஷம் ஆனதால் ஆபத்து தீர்ந்துவிடாது. கொப்புளம் இருக்கும்வரை அதுவும் இருக்கும். மஞ்சள் நிறச் சாயம் போட்டு நீல வெளிச்சத்தில் கசிவு பார்ப்பார்கள். அடுத்த முறை கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

எல்லோரும் இதை மனதில் வையுங்கள். ஆபரேஷன் செய்த கண் சிவந்தால், வலித்தால், பீளை தள்ளினால், வெளிச்சம் கூசினால், பார்வை மங்கினால், அது மெட்ராஸ் ஐ என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். வீட்டில் நாலு பேருக்கு மெட்ராஸ் ஐ இருந்தாலும் சரி. அன்றே போக வேண்டும், ராத்திரியானால் ராத்திரியே. கொப்புளத்தில் தொடங்கும் சீழ் கண்ணுக்குள் இறங்க ஒரு நாள் போதும். மருந்துக் கடையில் 'கண் சிவப்புக்கு' என்று கேட்டு வாங்கும் சொட்டில் ஸ்டீராய்டு இருக்கலாம், கிருமி நுழைந்த கண்ணில் அது ஆபத்து.

அடையாறு: ஓய்வுபெற்ற இன்ஜினியர். ஐந்து வருஷத்தில் டிராபெகுலெக்டமி 46.9 விழுக்காடு தோற்றது, டியூப், அதாவது கண்ணுக்குள் சிறு குழாய் வைத்து நீரை வெளியே ஒரு தட்டுக்குக் கொண்டுபோகும் ஆபரேஷன், 29.8 விழுக்காடுதான் தோற்றது என்று இரண்டையும் ஒப்பிட்டு 2012-இல் வந்த டிவிடி (TVT) ஆய்வு சொல்கிறது. பிறகு ஏன் இன்னும் எல்லோருக்கும் டிராபெகுலெக்டமியையே முதலில் செய்கிறார்கள்?

எண்கள் சரி. யாருடைய கண்கள் என்பதை விட்டுவிட்டீர்கள். அந்த 212 கண்களும் ஏற்கெனவே புரை ஆபரேஷனோ, தோற்றுப்போன டிராபெகுலெக்டமியோ ஆனவை. அதாவது கண்ணின் மேல்தோலில் ஏற்கெனவே தழும்பு உள்ள கண்கள். கத்தியே படாத கண்களில் அதே குழு பின்னர் ஓர் ஆய்வு செய்தது. முதல் வருஷத்தில் டியூப் 17.3, டிராபெகுலெக்டமி 7.9 விழுக்காடு தோல்வி. நிலைமை தலைகீழ்.

அடையாறு, மறுபடியும்: ஆனால் அந்த ஆய்விலேயே ஐந்து வருஷத்தில் வித்தியாசம் கரைந்துவிட்டதே?

ஆமாம், ஐந்தாம் வருஷத்தில் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. ஆகவே 'டியூப்தான் சிறந்தது' என்றும் ஆகாது, 'டிராபெகுலெக்டமிதான்' என்றும் ஆகாது. 10, 11 என்று மிகத் தாழ்ந்த பிரஷர் தேவைப்படும் கண்ணுக்கு, சொட்டு மருந்து இல்லாமல் அங்கே கொண்டுபோக டிராபெகுலெக்டமிக்கு வாய்ப்பு அதிகம். தழும்பேறிய கண், உள்ளே புது ரத்தக்குழாய் முளைத்த சர்க்கரைக் கண், இவற்றில் டியூப்.

வேளச்சேரி: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். அடையாறு சார் சொல்வது வெளிநாட்டு டியூப். இங்கே போடுவது மதுரையில் செய்யும் 'ஆடி' (AADI) என்ற டியூப். இரண்டும் ஒன்றா?

நல்ல இடத்தில் வந்தீர்கள். மதுரை ஆரோலேப் செய்யும் ஆடி, அமெரிக்க ஆய்வுகளில் போட்ட பேர்வெல்ட் என்ற டியூபின் மாதிரியைப் பின்பற்றியது. 350 சதுர மில்லிமீட்டர் தட்டு, வால்வு கிடையாது. விலை குறைவு என்பதால் இங்கே டியூப் பரவியதற்கு அது பெரிய காரணம். அகமது என்பது வேறு வகை டியூப்: 184 சதுர மில்லிமீட்டர், வால்வு உண்டு.

வால்வு இல்லாததைக் கரையும் நூலால் கட்டித்தான் வைப்பார்கள். ஐந்தாறு வாரத்தில் நூல் கரைந்து திறக்கும். அதுவரை பழைய சொட்டு மருந்துகளை நிறுத்தக் கூடாது. 'டியூப் வைத்தும் பிரஷர் இறங்கவில்லை' என்று மூன்றாம் வாரத்தில் வேறு டாக்டரிடம் ஓடுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். திறக்கும் வாரத்தில் பிரஷர் சட்டென்று விழலாம், அப்போது பார்வை மங்கினால் உடனே காட்டுங்கள். வால்வு உள்ளதில் முதல் நாளே பிரஷர் இறங்கும், ஆனால் ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் ஒருமுறை ஏறும். தட்டைச் சுற்றிக் கூடு கட்டுவதால் வருவது அது. பலருக்குச் சொட்டு மருந்தோடு அடங்கிவிடும்.

அடையாறு: அப்படியானால் டியூபுக்கு நீண்டகாலக் குறையே இல்லையா?

இருக்கிறது, சார், நீங்கள் விடமாட்டீர்கள் போல. குழாய் முனை கருவிழிக்கு அருகில் இருந்தால் கருவிழியின் உள்வரிசைச் செல்கள் வருஷா வருஷம் குறையும். கடைசியில் கருவிழி வீங்கி வெளுக்கலாம். மேல்தோல் தேய்ந்து குழாய் வெளியே தெரிந்தால் கிருமிக்கு வாசல் திறந்த மாதிரி. இரட்டைப் பார்வையும் வரலாம். ஆகவே கண்ணைக் கசக்குவது இரண்டு ஆபரேஷனுக்கும் எதிரி. இந்த வாதத்தை இதோடு நிறுத்துவோம், கேள்விகள் குவிந்துவிட்டன.

குரோம்பேட்டை: ஆபரேஷனுக்குப் பிறகு புரை வளர்ந்துவிட்டது. எப்போது எடுக்கலாம்?

டிராபெகுலெக்டமிக்குப் பின் புரை வேகமாக வளர்வது தெரிந்த விஷயம். புரை ஆபரேஷனால் வரும் அழற்சி கொப்புளத்தைக் கெடுக்கும். அவசரம் இல்லாவிட்டால் குறைந்தது ஆறு மாதம், முடிந்தால் ஒரு வருஷம் தள்ளுங்கள். புரை டாக்டரிடம் 'இந்தக் கண்ணில் பிளெப் இருக்கிறது' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஃபைலைப் பார்ப்பார் என்று நம்பி உட்காராதீர்கள்.

தாம்பரம்: ஆபரேஷன் செய்தால் பார்வை தெளிவாகுமா?

பெரம்பூருக்குச் சொன்ன பதில்.

மயிலாப்பூர்: 30 வருஷமாக யோகா. சிரசாசனம் தொடரலாமா?

வேண்டாம். தலைகீழாக நிற்கும்போது கண் அழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. இதை அளந்து காட்டியது நம் சென்னையில் செய்து 2006-இல் வெளியான ஆய்வுதான். சர்வாங்காசனம், அதோமுக ஸ்வானாசனம் இரண்டையும் விட்டுவிடுங்கள். நடைப்பயிற்சி நல்லது.

திருவொற்றியூர்: நந்தியாவட்டைப் பூச் சாறு குளிர்ச்சி என்கிறார்களே, ஆபரேஷன் செய்த கண்ணில் விடலாமா?

கூடாது. நந்தியாவட்டை, தாய்ப்பால், விளக்கெண்ணெய், சின்ன வெங்காயச் சாறு எதுவும் கூடாது. மேலே கிருமி பற்றிச் சொன்னதை இன்னொரு முறை படியுங்கள்.

அம்பத்தூர்: பிரஷர் 5 தான், மிக நல்லது என்று நினைத்தேன். ஆனால் எழுத்து கோணலாகத் தெரிகிறது.

இது காத்திருக்கும் விஷயமில்லை. நீர் அதிகம் கசிந்து பிரஷர் மிகத் தாழ்ந்தால் விழித்திரையின் நடுப்பகுதி சுருங்கி மடிப்பு விழும். மைட்டோமைசின் போட்ட இளைய, கிட்டப்பார்வைக் கண்களில் அதிகம் பார்க்கலாம். மடிப்பு நீண்ட நாள் இருந்தால் பிரஷரைச் சரிசெய்தாலும் பார்வை முழுக்கத் திரும்பாது. இந்த வாரமே ஓசிடி என்ற விழித்திரை ஸ்கேன் எடுங்கள். மூடியை மறுபடி தைக்க வேண்டியிருக்கலாம்.

ராயபுரம்: மாமன் மகளைக் கட்டியவன். குழந்தைக்குப் பிறவி கிளாக்கோமா, இரு கண்ணிலும் ஆபரேஷன் ஆகிவிட்டது. இனி கவலை இல்லைதானே?

கவலை இருக்கிறது, ஆனால் கையாளக்கூடியது. பிரஷர் அடங்கினாலும் குழந்தையின் மூளை மங்கலான கண்ணை ஒதுக்கிவிடும். கண்ணாடி, நல்ல கண்ணை மூடி வைக்கும் பயிற்சி, இரண்டும் ஆபரேஷனுக்குச் சமம். சொந்தத்தில் திருமணம் என்பதால் அடுத்த குழந்தைக்கும் வாய்ப்பு உண்டு. மரபணு ஆலோசனை கேளுங்கள். பிறந்த வாரமே கண் காட்டுங்கள். கண் பெரிசாக, அழகாக இருக்கிறது என்று யாராவது கொஞ்சினால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கொளத்தூர்: முதல்வர் காப்பீட்டில் கிடைக்குமா?

இங்கே கேட்காதீர்கள், மருத்துவமனையின் காப்பீட்டு மேஜையில் அட்டையோடு போய்க் கேளுங்கள்.

போரூர்: ஆபரேஷனுக்குப் பிறகும் மறுபடி சொட்டு மருந்து போடச் சொல்கிறார்கள். ஏமாற்றா?

இல்லை. ஐந்து வருஷத்தில் பலருக்கு ஒன்றிரண்டு சொட்டு திரும்ப வரும், அது தோல்வியாகாது. ஆஸ்துமா இருந்தால் டிமோலால் என்ற சொட்டு வேண்டாம் என்று நினைவூட்டுங்கள்.

ஆவடி: கண்ணுக்குப் பார்வை திரும்ப என்ன சாப்பிடலாம்?

பெரம்பூர், தாம்பரம், இப்போது ஆவடி. மூவருக்கும் ஒரே பதில். உங்கள் அண்ணன், அக்கா, தம்பி யாராவது 40 தாண்டியிருந்தால் அவர்கள் கண்ணைக் காட்டச் சொல்லுங்கள். சென்னை கிளாக்கோமா ஆய்வில் நோய் இருந்தவர்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் அதுவரை தமக்கு அது இருப்பதே தெரியாமல் இருந்தார்கள்.