ஹாலோவீன் சமயத்தில் மக்கள் உள்ளே நடந்து சென்று பார்க்கும் பேய்வீடுகளுக்கு எந்தப் படம், எந்தத் தொடர் என்று தீம் பார்க்குகள் எப்படி முடிவு செய்கின்றன?

முதலில் பார்ப்பது, உரிமை யாரிடம் இருக்கிறது என்பதை. 1991-ல் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் உள்ள தன் தீம் பார்க்கில் ஹாலோவீன் நிகழ்ச்சியைத் தொடங்கிய யுனிவர்சலுக்கு இதில் பெரிய வசதி: அவர்களே பழைய பேய்ப்படக் கம்பெனி. மற்றவர்களின் படைப்பு என்றால் ஒப்பந்தம் போட வேண்டும். வேஷம், செட், ரத்தத்தின் அளவு வரை உரிமையாளர் தலையிடலாம்.

அடுத்தது, அந்தக் கதை நடந்து பார்க்கத் தோதானதா என்பது. கூட்டம் வரிசையாக நகர்ந்துகொண்டே இருக்கும். ஓர் அறையில் சில நொடிகள்தான். கதை சொல்ல நேரமில்லை. பார்த்ததும் புரியும் இடமும், மூலையிலிருந்து பாயும் உருவமும் வேண்டும். 2018-ல் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரின் பேய்வீடு எடுபட்டதற்கு, தொடரில் வரும் விளக்குச் சரம் தொங்கும் அந்தச் சுவரே பாதிக் காரணம் என்பேன். 2023-ல் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ வீட்டை அதே பெயரிலான வீடியோ கேமை வைத்தே அமைத்தார்கள். அதில் வரும் கிளிக்கர்களுக்கு (பூஞ்சை தொற்றி உருமாறிய மனிதர்கள்) கண் தெரியாது, ‘டக் டக்’ என்ற சத்தம்தான். இருட்டில் அது போதாதா! மனதுக்குள்ளேயே நடக்கும் திகில் கதை, எவ்வளவு நல்ல படமானாலும், இங்கே தேறுவது கஷ்டம்.

டிக்கெட் விற்கப் பிரபலமான பெயர் உதவும். ஆனால் வேலை பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடும் என்பதால், வெளிவராத படத்தை நம்புவது சூதாட்டம்தான். யுனிவர்சலின் சிங்கப்பூர் கிளை ‘ஆல் ஆஃப் அஸ் ஆர் டெட்’ என்ற கொரியத் தொடரை எடுத்தது, ஆசிய ரசிகர்களுக்கு அது ஏற்கெனவே அத்துப்படி என்பதால்தான் என்று நினைக்கிறேன்.

எல்லாமே பிரபலப் பெயர்களும் அல்ல. ஆர்லாண்டோவில் சொந்தக் கற்பனை வீடுகளும் நிறைய உண்டு. தீவிர ரசிகர்கள் பலர் அவற்றுக்காகவே வருகிறார்கள்.