சாம்பாருக்குத் தூக்கு கொண்டுபோனால் மறுக்கிறார்களா?

வணக்கம். தூக்குவாளியை நீட்டினால் ‘அளவு தெரியாது’ என்று ஹோட்டல்காரர் சாம்பாரைப் பிளாஸ்டிக் கவரிலேயே கட்டித் தருவதாக எழுதியிருந்தீர்கள். எனக்கும் இது நடந்தது. அவர் தயங்குவதில் நியாயம் உண்டு. பெரிய பாத்திரத்தில் இரண்டு கரண்டி சாம்பார் கொஞ்சமாகத்தான் தெரியும், வாங்குபவர் சண்டைக்கு வருவார். நான் கால் லிட்டர் பிடிக்கும் சின்ன எவர்சில்வர் டப்பாவுக்கு மாறினேன். அதை நிரப்பினால் அளவுப் பேச்சே இல்லை. மூடியில் ரப்பர் வளையம் இருக்கட்டும், வண்டியில் சிந்தாது. அப்புறம், காலை நேரக் கூட்டத்தில் போகாதீர்கள்.

உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளுக்கும் பைகளுக்கும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை இருக்கிறது. ஆனாலும் சட்டம் பேசி அவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். இட்லிக்கு வாழை இலை இருக்கிறது, குழம்புக்குத்தான் அவருக்கு வழி தெரியவில்லை. கொதிக்கக் கொதிக்க அந்த மெல்லிய கவரில் ஊற்றுவதைப் பார்த்தால் எனக்கு மனசு பதறுகிறது.