குரலை மட்டும் வைத்து ஒருவரின் குணத்தைச் சொல்ல முடியுமா?

யாரோ ஒருவருடைய குரலில் மயங்கிப்போய்த்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கலியாணப் பேச்சாகவும் இருக்கலாம். போனில் கதைத்ததை மட்டும் நம்பி முடிவெடுக்கப் போகிறீர்கள் என்றால் கொஞ்சம் பொறுங்கள்.

இலங்கையில் போர் நின்றிருந்த சமாதான காலத்தில், 2002இல், யாழ்ப்பாணத்து நெல்லியடிப் பக்கம் ஒரு கொமினிகேசனில், அதாவது காசு கொடுத்துப் போன் கதைக்கிற கடையில், வேலைக்கு நின்றேன். வெளிநாட்டிலிருந்து கோல் வரும். "அரை மணித்தியாலத்தால எடுங்கோ" என்று சொல்லிவிட்டு, சைக்கிளில் பெடியனை அனுப்பி ஆளைக் கூப்பிடுவோம். கதைக்கிற அறைக்குத் தடுப்பு வெறும் பலகை. 'ஒட்டுக் கேட்டாயா' என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள், காதைப் பொத்திக்கொண்டு பில் போட முடியாது.

என்னை "ஏய் பிள்ளை, லைன் எங்க?" என்று அதட்டுகிற ஒரு ஐயா, கனடா மச்சானோடு கதைக்கும்போது அப்படியே குழைவார், குரல் மெலிந்து மேலே போய்விடும். இப்படி எத்தனையோ பேர். ஒரு ஆளின் குணத்தைவிட, எதிரில் இருப்பவரை அவர் எந்த இடத்தில் வைத்திருக்கிறார் என்பதுதான் குரலில் தெரியும்.

அம்மாமார் கதை வேறு. சாதாரண ரெலிபோன் லைன் 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் (ஒரு செக்கனில் எத்தனை அதிர்வு என்ற கணக்கு) வரைதான் கடத்தும். ஆண்குரலின் அடிச்சுருதி, அதாவது ஆகக் கீழே உள்ள அதிர்வு, 120 ஹேர்ட்ஸ் அளவில் இருப்பதால் அது லைனில் வந்து சேராது, மேலே உள்ள அதிர்வுகளை வைத்து மூளைதான் நிரப்பிக்கொள்ளும். அப்படி அரைகுறையாக வந்த "ஹலோ"வைக் கேட்டே ஒரு அம்மா, "என்ன தம்பி, தடிமனோ? இல்லாட்டி அழுதனியோ?" என்றார். மனம் இறுகினால் தொண்டைத் தசையும் இறுகும், சுருதி ஏறும். நான் டொக்டர் இல்லை, ஆனால் இவ்வளவும் தெரியும். அது ஏறியிருக்கிறது என்று பிடிக்க, வழக்கமாக எங்கே நிற்கும் என்று தெரிந்திருக்க வேண்டுமே. நேற்றுக் கதைக்கத் தொடங்கிய உங்களுக்கு அது எப்படித் தெரியும்? அவர் ஓட்டோக்காரரோடும் கடைப் பெடியனோடும் கதைப்பதைக் கேட்டுப் பாருங்கள்.

குரல் என்றதும் இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. இப்போது ஒரு போன் கம்பனிக்கு முறைப்பாடு சொல்ல எடுத்தால், தமிழுக்கு இந்த இலக்கத்தை அமத்தச் சொல்லி நல்ல தமிழில் ஒரு குரல் வரும். அமத்திவிட்டு அவர்களுடைய பாட்டெல்லாம் கேட்டு முடிய, ஆள் வந்து சிங்களத்தில் கதைக்கிறார். தமிழ் தெரிந்தவரைத் தாருங்கள் என்றால் திரும்பவும் பாட்டு. போன கிழமையும் இதேதான். என்னுடைய சிம் இன்னும் வேலை செய்யவில்லை.