நாலாக்சோன் (அபின் வகைப் பொருள்களான ஓபியாய்டுகளின் செயலைத் தடுக்கும் மருந்து) கொடுத்த எலிக்கு ஷாக் கூடுதலாக வலிப்பதால்தான் நினைவு கூடுகிறதா?

இல்லை. எலி வெளிச்ச அறையிலிருந்து இருட்டறைக்குள் நுழைந்ததும் காலில் லேசான ஷாக். ஊசி அதன் பிறகுதான். அதாவது வலியை உணர்ந்த நேரத்தில் மருந்து உடம்பிலேயே இல்லை. 24 மணி நேரம் கழித்துத் திரும்ப விட்டால், நாலாக்சோன் போட்ட எலி நுழைய அதிகம் தயங்கும். உடம்பே சுரக்கும் ஓபியாய்டான பீட்டா எண்டார்ஃபின் போட்டது சட்டென்று நுழைந்துவிடும்.

காரணம், பீட்டா எண்டார்ஃபின் போன்ற ஓபியாய்டு பெப்டைடுகள் அமிக்டலாவில் (உணர்ச்சியைக் கையாளும் மூளைப் பகுதி), நினைவுப் பதிவை வலுப்படுத்தும் நார்அட்ரினலின் சுரப்பை அடக்குகின்றன. நாலாக்சோன் அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. நார்அட்ரினலின் செயலைத் தடுக்கும் புரோப்ரனலாலை அமிக்டலாவுக்குள் செலுத்தினால் இந்தப் பலன் மறைவது வலுவான சான்று.

பலர் தவறவிடுவது கட்டுப்பாட்டுக் குழு: சில எலிகளுக்குப் பல மணி நேரம் தாமதித்து ஊசி போட வேண்டும். அதற்குள் நினைவு பதிந்து முடிந்திருக்கும் என்பதால், அவற்றிலும் தயக்கம் கூடினால், அது நினைவுப் பதிவின் விளைவு அல்ல. ஷாக்கைக் கூட்டினாலும் சிக்கல்: எல்லா எலிகளுமே சோதனைக்கு வைத்த உச்ச நேரம்வரை நுழையாமல் நின்றுவிடும், வித்தியாசமே தெரியாது.