ரிடன்டன்சி பணம் வாங்கியவர் பழைய கம்பெனிக்கே திரும்பினால்?

வாசகர் கேள்வி – பதில்: பிரிட்டனில் வரி

கேள்வி: ஒன்பது ஆண்டு வேலை பார்த்த கம்பெனி ஜனவரியில் ஆட்குறைப்புச் செய்தது. அதற்கு ஈடான ரிடன்டன்சி பணம் 26,000 பவுண்ட், வரிப்பிடித்தம் இல்லாமல் கைக்கு வந்தது. ஐந்து மாதம் கழித்து அதே கம்பெனி வேறொரு பிரிவில் சேரக் கூப்பிடுகிறது. சேர்ந்தால் அந்தப் பணத்துக்கு இப்போது வரி கேட்பார்களா?
– வாசகி, ஹாரோ

பதில்: திரும்பிச் சேர்ந்த ஒரே காரணத்துக்காக வரிவிலக்கு பறிபோகாது. "ஆறு மாதம் ஆகாமல் சேரக்கூடாது" என்ற பேச்சு அலுவலகங்களில் உலவுகிறது. வரிச் சட்டத்தில் அப்படி ஒரு கெடு கிடையாது.

பிரிட்டிஷ் வரித்துறையான எச்.எம்.ஆர்.சி. பார்ப்பது இரண்டு விஷயங்களை. வேலை உண்மையிலேயே முடிந்ததா? கொடுத்த பணம் வேலை போனதற்கான ஈடுதானா? இரண்டுக்கும் பதில் 'ஆம்' என்றால், 30,000 பவுண்ட் வரை வருமான வரி இல்லை. 2003-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 403-ஆம் பிரிவு தரும் விலக்கு இது. உங்கள் தொகை அதற்குள் அடங்கிவிடுகிறது.

சிக்கல் வருவது வேறு இடத்தில். நீங்கள் வெளியேறும் முன்பே "கோடையில் திரும்ப எடுத்துக்கொள்கிறோம்" என்று பேசி வைத்திருந்தால், வேலை முடியவே இல்லை, நடுவில் இடைவெளி மட்டும் விட்டார்கள் என்று அதிகாரி வாதிடலாம். அந்த வாதம் நின்றுவிட்டால் 26,000-ம் சம்பளமாகிவிடும். முதல் பவுண்டிலிருந்தே வருமான வரி, அதன்மேல் நேஷனல் இன்சூரன்ஸ் (சமூகப் பாதுகாப்புச் சந்தா). எனவே எத்தனை மாதம் கழித்துச் சேர்ந்தீர்கள் என்பதைவிட, சேரும் பேச்சு என்றைக்கு எழுந்தது என்பதே முக்கியம்.

ஆட்குறைப்பு ஆலோசனைக் கடிதங்கள், கடைசி வேலைநாள் குறிப்பிட்ட கடிதம், பி45 (வேலை முடியும்போது முதலாளி தரும் சம்பள, வரிச் சான்று), புதிய பணிக்கான விளம்பரம், உங்கள் விண்ணப்பம், அதுபற்றி வந்த முதல் மின்னஞ்சல் எல்லாவற்றையும் தேதியோடு சேமித்து வையுங்கள். வெளியேறும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தையும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். குறிப்பிட்ட காலத்துக்குள் திரும்பினால் பணத்தை, அல்லது அதில் ஒரு பங்கை, திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை சில ஒப்பந்தங்களில் இருக்கும். இது வரி விவகாரம் அல்ல, ஆனால் கையைக் கடிப்பது இதுவாகவும் இருக்கலாம்.

கேள்வி: 'நான்கு வாரக் கணக்கு' என்கிறார்களே, அது என்ன?
– வாசகர், லெஸ்டர்

பதில்: அது வரிச் சட்டத்தில் இல்லை, 1996-ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டத்தில் இருக்கிறது. பழைய வேலை முடிவதற்கு முன்பே அதே முதலாளி மறுவேலை தருவதாகச் சொல்லி, முடிந்த நான்கு வாரத்துக்குள் நீங்கள் அதில் சேர்ந்துவிட்டால், ரிடன்டன்சி பணத்தைப் பொறுத்தவரை நீங்கள் நீக்கப்பட்டதாகவே கொள்ள மாட்டார்கள். சட்டப்படியான தொகைக்கு உரிமை எழாது. வாய்மொழியாகச் சொன்னாலும் அது அழைப்புதான். வேலை முடிந்த பிறகு வந்த அழைப்பு இந்த விதிக்குள் வராது.

புதிய வேலையின் நிபந்தனைகள் வேறுபட்டால் நான்கு வாரம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். நியாயமான காரணத்தோடு விலகினால் ரிடன்டன்சி உரிமை அப்படியே இருக்கும்.

கவுன்சில் ஊழியர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 1999-ஆம் ஆண்டு ஆணை ஒன்று, பட்டியலில் உள்ள எல்லா உள்ளாட்சி அமைப்புகளையும் இந்த விதிக்கு ஒரே முதலாளிபோல் நடத்துகிறது. ஒரு கவுன்சிலில் வேலை முடியும் முன்பே பக்கத்துக் கவுன்சிலின் அழைப்பை ஏற்று நான்கு வாரத்துக்குள் சேர்ந்தாலும் பணம் போய்விடும்.

கேள்வி: எனக்கு மொத்தம் 50,000 பவுண்ட் தருகிறார்கள். 30,000 போக மீதி 20,000-க்கு வரி, அவ்வளவுதானே?
– வாசகர், மில்டன் கீன்ஸ்

பதில்: இல்லை. மொத்தத் தொகையிலிருந்து நேராக 30,000-ஐக் கழிப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. முதலில் தொகையைப் பிரிக்க வேண்டும். உங்கள் மாதச் சம்பளம் 3,000 பவுண்ட், மூன்று மாத நோட்டீஸ் காலத்தில் வேலை வாங்காமல் அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நோட்டீஸுக்கு ஈடு 9,000. எடுக்காத விடுப்புக்கு 1,500. மீதி 39,500 ரிடன்டன்சி.

நோட்டீஸ் பணமும் விடுப்புப் பணமும் சேர்ந்த 10,500-க்கு வரியும் நேஷனல் இன்சூரன்ஸும் உண்டு. நோட்டீஸுக்கு ஈடாகப் பணம் தரும் பிரிவு வேலை ஒப்பந்தத்தில் எழுதப்படாதிருந்தால் நோட்டீஸ் பணத்தையும் 30,000-க்குள் அடக்கிவிடும் வழக்கம் முன்பு இருந்தது. 2018 ஏப்ரல் 6 முதல் அது செல்லாது. 39,500-ல் 30,000 கழிந்து, மிஞ்சும் 9,500-க்கு வருமான வரி மட்டும். உங்கள் பங்கு நேஷனல் இன்சூரன்ஸ் அதில் இல்லை; முதலாளிதான் 15 சதவீதம், அதாவது 1,425 பவுண்ட் கட்டுவார்.

அந்த 9,500-ஐ உங்களிடம் தராமல் பென்ஷன் நிதியில் முதலாளியே நேராகச் செலுத்தச் சம்மதித்தால் அதற்கும் வரி இல்லை, ஆண்டு வரம்பான 60,000-க்குள் இருக்கும்வரை. பணம் கைக்கு வருமுன் கேட்க வேண்டியது இது.

கேள்வி: திரும்பிச் சேர்ந்தபின் மறுபடியும் ஆட்குறைப்பு வந்தால் இன்னொரு 30,000 விலக்கு கிடைக்குமா?
– வாசகி, கிராய்டன்

பதில்: அதே முதலாளியிடம் கிடைக்காது. ஒரே முதலாளி, அல்லது ஒருவர் மற்றவரின் கட்டுப்பாட்டில் உள்ள குழும நிறுவனங்கள் கொடுக்கும் தொகைகளை, வேலைகள் வெவ்வேறாக இருந்தாலும், ஆண்டுகள் பல கடந்தாலும், கூட்டியே பார்ப்பார்கள். 2003-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 404-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. முதல் தடவை 18,000 வாங்கியிருந்தால் மீதம் 12,000தான். முன்பே 30,000 முழுவதும் தீர்ந்திருந்தால் இரண்டாவது தொகை முழுவதற்கும் வரி. சம்பளப் பிரிவில் ஆள் மாறியிருப்பார்கள், பழைய கணக்கு அவர்கள் கண்ணில் படாமல் போகலாம். நீங்களே எடுத்துச் சொல்வது நல்லது. பின்னால் வரும் வரி நோட்டீஸைவிட இது சுலபம்.

சட்டப்படியான ரிடன்டன்சிக்குரிய பணிக்காலமும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். முதல் தடவை அந்தத் தொகையை வாங்கியதும் அதுவரையிலான ஆண்டுகள் கணக்குத் தீர்ந்தவை. மறுபடி தகுதி பெற இரண்டு ஆண்டு ஆக வேண்டும்.

கேள்வி: பி45 வந்த பிறகே 9,500 பவுண்ட் பாக்கி வந்தது. அதில் ஏறக்குறைய 3,170 வரியாகப் போய்விட்டது. சரியா?
– வாசகர், பர்மிங்ஹாம்

பதில்: பிடித்த விதம் சரி, கடைசிக் கணக்கு அது அல்ல. பி45 கொடுத்தபின் தரும் பணத்துக்கு '0டி' (0T) என்ற டாக்ஸ் கோட்; வரியில்லா வரம்பும் இல்லை, முந்தைய மாதங்களின் கணக்கும் இல்லை. அந்த ஒரு மாதத்துக்குரிய சுமார் 3,142 பவுண்டுக்கு 20 சதவீதம், மீதிக்கு 40. அந்த ஆண்டின் மொத்த வருமானம் 50,270-ஐத் தாண்டாதவர் கட்ட வேண்டியது 1,900தான். ஏறக்குறைய 1,270 திரும்பி வர வேண்டும்.

அதே கம்பெனியில் மறுபடி சேர்ந்துவிட்டால் தானாகச் சரியாகிவிடும் என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் பி45-ல் அந்த 9,500 ஏறியிருக்காது. பெரும்பாலும் ஏப்ரல் 5-க்குப் பிறகு எச்.எம்.ஆர்.சி. அனுப்பும் பி800 என்ற ஆண்டு வரிக் கணக்கிலோ, ரிட்டர்ன் தாக்கல் செய்பவரானால் அதிலோ தீரும். சேரும்போது பி45-ஐக் கொடுத்து, புதிய சம்பளப் பதிவு எண் போடச் சொல்லுங்கள். பழைய எண்ணையே திரும்ப உயிர்ப்பித்தால் எச்.எம்.ஆர்.சி. ஏட்டில் இரண்டு வேலைகளும் ஒன்றோடொன்று குழம்பி, தவறான கோட் வந்து சேரும்.

கேள்வி: ஊழியராக இல்லாமல் சொந்த லிமிடெட் கம்பெனி வழியாகத் திரும்பினால்?
– வாசகர், ரெடிங்

பதில்: வெள்ளிக்கிழமை விலகி, திங்கட்கிழமை அதே மேசையில் அதே வேலை என்றால் முதல் கேள்விக்குச் சொன்ன ஆபத்து அப்படியே இருக்கிறது, கூடவே ஐஆர்35-ம் சேரும் (சொந்தக் கம்பெனி வழியாக வந்தாலும் ஊழியர்போலவே வேலை பார்ப்பவரிடம் ஊழியர்போல் வரி பிடிக்கும் விதி). நடுத்தர, பெரிய நிறுவனமானால் நீங்கள் அந்த விதிக்குள் வருகிறீர்களா என்று தீர்மானிக்க வேண்டியது 2021 ஏப்ரல் 6 முதல் அந்த நிறுவனம்தான். தீர்மானத்தை எழுத்தில் வாங்காமல் முதல் இன்வாய்ஸை அனுப்பாதீர்கள்.