கலை அறக்கட்டளையும் காசும்: பொருளாளர் அக்காவிடம் கேட்டவை

நாடகம், இசை, ஓவியம் என்று ஊர்க்காரர்களுக்குப் பட்டறை நடத்தும் சிறிய அறக்கட்டளைகளுக்குக் கணக்குப் பார்ப்பது என் வேலை. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். வரிச் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் அதை உங்கள் தணிக்கையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அக்கா, இசைக்கருவி வாங்க ஒருவர் தந்த பணத்தில் பாதி மீதி இருக்கிறது. இங்கே வாடகை பாக்கி. எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. "அப்புறம் திருப்பி வைத்துவிடலாம்" என்பதும் வேண்டாம். ஒரு நோக்கத்தைச் சொல்லி வாங்கிய பணம் கணக்கில் தனியாகவே நிற்க வேண்டும். ஆனால் கொடுத்தவரிடம் கேட்கலாமே? நிலைமையைச் சொல்லுங்கள், மீதியை வாடகைக்கு மாற்ற அனுமதி கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். அவர் மறுத்தால் கருவியைத்தான் வாங்க வேண்டும்.

"என் பணம் முழுக்கக் குழந்தைகளுக்குப் போகுமா, நிர்வாகத்துக்குப் போகுமா?" என்று கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

குழந்தைகளுக்குப் போவது என்றால் என்னவென்று முதலில் பேசிவிடுவோம். பட்டறை எடுக்கும் ஆசிரியரின் சம்பளம், அறையின் வாடகை, பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசும் ஒருங்கிணைப்பாளரின் நேரம், எல்லாமே குழந்தைக்குப் போவதுதான். கலையில் செலவு என்றாலே பெரும்பாலும் ஆட்கள்.

வில்லியம் பாமல், வில்லியம் போவன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1966இல் இதைத் தெளிவாக விளக்கினார்கள். இயந்திரம் வந்தால் தொழிற்சாலையில் ஒரே ஆள் முன்பைவிட அதிகப் பொருள் செய்துவிடுவார். நான்கு பேர் வாசிக்க எழுதிய இசைக்கு இன்றும் நான்கு பேர் வேண்டும், அன்று ஆன நேரம்தான் இன்றும் ஆகும். சம்பளம் மட்டும் மற்ற வேலைகளோடு சேர்ந்து ஏறியாக வேண்டும். இல்லையென்றால் நால்வரும் வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்கள். டிக்கெட் வசூல் அந்த வேகத்தில் ஏறாது. நடுவில் விழும் துண்டுக்குத்தான் நன்கொடை.

எனவே கூச்சப்படாதீர்கள். ஒரு பட்டறைக்கு மொத்தம் எவ்வளவு ஆகிறது என்று வாடகை, சம்பளம், காப்பீடு எல்லாம் சேர்த்து ஒரே தாளில் காட்டுங்கள். "நூற்றுக்கு நூறும் குழந்தைகளுக்கே" என்ற நோட்டீஸைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். அங்கே யாரோ ஒருவர் சம்பளமில்லாமல் தேய்ந்துகொண்டிருப்பார்.

நிதி திரட்ட நிகழ்ச்சி நடத்தினோம். அரங்கம் நிரம்பி வழிந்தது. செலவு போகக் கையில் ஒன்றும் இல்லை.

முதல் நிகழ்ச்சி என்றால் இது சகஜம். அடுத்த முறை அரங்கம், ஒலி, ஒளி மூன்றில் ஒன்றையாவது நன்கொடையாகக் கேட்டு வாங்கிய பிறகு தேதி குறியுங்கள். ஒன்று கேட்கிறேன்: மேடையேறி யாராவது "பணம் தாருங்கள்" என்று வாய்விட்டுக் கேட்டீர்களா? பல குழுக்கள் எல்லாருக்கும் நன்றி சொல்லிவிட்டு, கேட்க வந்ததைக் கேட்காமலே விளக்கை அணைத்துவிடுகிறார்கள். வந்தவர்களின் தொடர்பு விவரத்தை அவர்கள் சம்மதத்தோடு வாங்கியிருந்தால் அதுவும் வசூல்தான். ஒரு வாரத்துக்குள் நன்றி சொல்லி எழுதுங்கள்.

சின்னச் சின்னத் தொகைக்கு ரசீது போட்டே மாளவில்லை. பெரிய ஆள் ஒருவரைப் பிடிப்பது மேல் அல்லவா?

ஒருவரை மட்டும் நம்பினால் அவர் மனம் மாறும் நாளில் கதவை மூட வேண்டியதுதான். சுதந்திர தேவி சிலையின் பீடம் கட்டப் பணம் போதாமல் நின்றபோது, 1885இல் ஜோசப் புலிட்சர் தன் பத்திரிகையில், எவ்வளவு சின்னத் தொகை என்றாலும் கொடுத்தவர் பெயரை அச்சிடுவேன் என்றார். ஐந்தாறு மாதங்களுக்குள் ஒரு லட்சம் டாலர் தாண்டியது. கொடுத்தவர்களும் ஒரு லட்சத்துக்கு மேல், பெரும்பாலோர் ஒரு டாலருக்கும் குறைவாகத் தந்தவர்கள். (நீங்கள் பெயர் போடுவதானால் கேட்டுவிட்டுப் போடுங்கள். பெயர் வெளியே தெரியாமல் கொடுக்க நினைப்பவர்களும் உண்டு.)

மாதாமாதம் வரும் சின்னத் தொகைக்கு இன்னொரு குணமும் உண்டு. பெரும்பாலும் நிபந்தனை இருக்காது. மேலே கேட்டவரின் வாடகையைக் கட்ட வேண்டியது அந்தப் பணம்தான்.

ஸ்பான்சர் நிறுவனம் நாடகத்தில் ஒரு காட்சியை மாற்றச் சொல்கிறது.

நிறுவனத்தின் சின்னத்தைப் போடலாம், காட்சியை மாற்றக் கூடாது. ஒப்பந்தத்தில் இதை முன்பே எழுதியிருக்க வேண்டும்.

நான் அறங்காவலர். நிறுவியவரே எல்லாம் பார்த்துக்கொள்கிறார், வருடம் ஒருமுறை கையெழுத்துப் போடுகிறேன். போதுமா?

போதாது. கையெழுத்துப் போட்டவருக்குப் பொறுப்பும் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். வங்கியில் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும் என்று மாற்றுங்கள், அந்த இருவரும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டாம். நிறுவியவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. பெரும்பாலும் அமைப்பிலேயே அதிகம் உழைப்பவர் அவர்தான். ஆனால் நன்கொடையாளர்களின் எண்ணெல்லாம் அவர் போனில் மட்டும் இருந்தால், அவர் நோயில் படுத்தால் அறக்கட்டளையும் படுத்துவிடும்.

கலைஞர்களுக்குக் கொடுக்கப் பணமில்லை. இலவசமாக வரச் சொல்லலாமா?

அவர்களே முன்வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். நீங்களாகக் கேட்டால் தெரிந்த முகத்துக்காக மறுக்க முடியாமல் வருவார்கள், இரண்டாம் தடவை போனை எடுக்க மாட்டார்கள். இலவசமாக வந்தாலும் அந்த வேலைக்கு வெளியே என்ன கூலியோ அதைக் குறித்து வையுங்கள். அடுத்த நிதி விண்ணப்பத்தில் பட்ஜெட்டின் முதல் வரியாக அந்தத் தொகையை எழுதுங்கள்.